வாயில்லாத பெட்டி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மிளகாய் என்று பேர். யார் வைத்தது என்று தெரியவில்லை. பொருந்தவில்லை என்று யாரும் சொன்னதும் இல்லை. ஈரப் போர்வையை உதறாமல் சுருட்டி அப்படியே உலர்த்தும் மெஷினில் திணிக்கிற ஆளைக் கண்டால், அத்தனை இரைச்சலையும் தாண்டி அவள் குரல் எழும்பும். மேற்பார்வையாளரே அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவைப் பிடித்தபடிதான் சொல்வார். ஓடுவதற்கு வசதி.

கோபம் அவர்கள் குடும்பச் சொத்து. நிலம் நீச்சு எதுவும் சேர்த்து வைக்காத அப்பா, அதை மட்டும் மூத்தவருக்கும் இவளுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியாகப் பிறந்த தம்பிக்கு மிச்சம் எதுவும் இல்லை. அவனுக்குச் சிரிப்புதான் வாய்த்தது. யாரிடமும் சிரிப்பான், எதற்கும் சிரிப்பான்.

அண்ணன் பஸ் நிலையத்தில் நேரம் பார்க்கிற வேலையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். இரண்டு நிமிஷம் தாமதமாக வண்டியை உள்ளே கொண்டுவந்த டிரைவர், அவர் கூண்டுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டுதான் போவான். ஒலிபெருக்கி கெட்டுப்போன நாட்களில் யாரும் கவலைப்பட்டதில்லை. அவர் தொண்டை போதும்.

அந்தத் தொண்டைதான் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நின்றுபோனது. பக்கவாதம். விழுந்துபோன வலது கையும் வலது காலும் பாதி திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருந்தவரை, சின்ன வயதிலேயே கணவனைப் பறிகொடுத்துத் தனியாக இருந்த மிளகாய் தன் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மா சொன்னாள்: "மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அரசாங்க சேனல்ல காது கேக்காதவங்களுக்காக ஒரு செய்தி வரும். மெதுவா வாசிப்பாங்க, கீழ எழுத்தும் ஓடும். அதைப் பாத்துக்கிட்டே கூடக்கூடச் சொல்லச் சொல்லுங்க. தினமும். ஒருநாள் விடக் கூடாது."

ஒருநாள் விடவில்லை. காலை ஷிப்ட் முடிந்து பதினொன்றரைக்கு மிளகாய் வீட்டுக்குள் நுழையும்போது அண்ணன் டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார், பரீட்சைக்கு முதலில் வந்துவிட்ட பையன் மாதிரி. செய்தி வாசிக்கிற பெண் வாயைத் திறந்தால் இவர் வாயும் திறக்கும். 'வணக்கம்' என்ற ஒரு சொல்லுக்கு நாலு மாதம் ஆனது. 'வெப்பநிலை'யைப் பிடித்த அன்று மிளகாய் சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. பழைய முறை ஒளிபரப்பு மாதக் கடைசியோடு நிற்கிறது. பழைய டிவி வைத்திருப்பவர்கள் டிஜிட்டல் பெட்டி ஒன்று வாங்கி ஆன்டெனாவுக்கும் டிவிக்கும் நடுவில் பொருத்திக்கொள்ள வேண்டும். அரசாங்க சேனல்கள் எப்போதும்போல இலவசம்.

"பெட்டியை நான் பாத்துக்கிறேன்க்கா," என்றான் தம்பி. வீடு வாடகைக்குப் பிடித்துத் தருகிற தரகு அலுவலகம் வைத்திருப்பவன். கடைவீதி அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. "உனக்கு இதெல்லாம் புரியாது. தெரியாம போய் நின்னா எதையாவது தலையில கட்டிடுவானுங்க."

சொன்னபடி பெட்டி வந்தது. கறுப்பாக, வழவழவென்று, நெற்றியில் நீல விளக்கோடு. அட்டைப்பெட்டியில் 'இலவசம்' என்று தேங்காய் அளவு எழுத்து. படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. எண்பது சேனல். மிளகாய்க்கே தம்பிமேல் ஒரு மரியாதை வந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, செய்தி ஆரம்பித்து ஏழாவது நிமிஷம், அண்ணன் 'அணைக்கட்டு' என்ற சொல்லின் பாதியில் இருந்தபோது திரை நீலமானது. 'உங்கள் இலவசக் காலம் முடிவடைந்தது. தொடர்ந்து பார்க்க அட்டையைப் புதுப்பிக்கவும்.'

"அணை… அணை…" என்றார் அண்ணன். அப்புறம் மிளகாயைப் பார்த்தார். அவள் ரிமோட்டை வாங்கி எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். அரசாங்க சேனலுக்குப் போனாலும் அதே நீலம். பெட்டியை அணைத்துப் போட்டாள். நீலம். முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நீலம். அண்ணன் அதே பாதிச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்திவிட்ட மாதிரி. நெற்றியில் நரம்பு புடைத்தது.

மிளகாய் வயர்களைப் பிடுங்கினாள். பெட்டியை ஒரு துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

கடை பெரிய கடை. சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. டை கட்டிய விற்பனையாளர் பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"அட்டை புதுப்பிக்கணுமா மேடம்?"

"அட்டையெல்லாம் வேணாம். இலவசம்னு எழுதியிருக்குல்ல, அதைக் குடுங்க."

"மூணு மாசம் இலவசம் மேடம். கீழே போட்டிருக்கே." அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எறும்பு வரிசை மாதிரி ஏதோ ஊர்ந்தது. மிளகாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். அப்போதும் எறும்பாகத்தான் இருந்தது.

"அரசாங்க சேனல் எல்லாருக்கும் இலவசம்தானே? அது ஏன் வரல?"

"அது வேற பெட்டி மேடம். இது சந்தாப் பெட்டி. அட்டை உயிரோட இருந்தாத்தான் எதுவுமே வரும்."

"வேற பெட்டி இருக்குன்னு ஏன்யா வாங்கும்போது சொல்லல?"

விற்பனையாளர் கணினியில் எதையோ தட்டி, ஒரு தாளை அச்செடுத்து நீட்டினார். "சொல்லியிருக்கோம் மேடம். ரெண்டுல எதுன்னு கேட்டு கையெழுத்தும் வாங்கியிருக்கோம்."

தாளில் இரண்டு கட்டம். 'இலவச ஒளிபரப்பு மட்டும்' என்ற கட்டம் காலி. 'சந்தா - பரிசுடன்' என்ற கட்டத்தில் டிக். அடியில் தம்பியின் கையெழுத்து, அவன் சிரிப்பு மாதிரியே வளைந்து நெளிந்து.

"என்ன பரிசு?"

"ப்ளூடூத் ஸ்பீக்கர் மேடம். நல்ல சத்தம்."

மிளகாய்க்கு அது தெரியும். போன மாதம் தம்பி வீட்டுக்குப் போனபோது ஜன்னல் விளிம்பில் உருண்டையாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. "நல்லாயிருக்கே, எங்கடா வாங்கின?" என்று இவளே கேட்டாள். "சும்மா கெடச்சுதுக்கா" என்று சிரித்தான்.

கடையிலிருந்து தம்பியின் அலுவலகம் பத்து நிமிஷ நடை. அவள் ஐந்தில் போய்ச் சேர்ந்தாள். கண்ணாடி அறைக்குள் அவன் ஒரு தம்பதிக்கு வீட்டுப் படங்களை மேஜையில் பரப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். மிளகாய் கதவைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு படுக்கையறை வீட்டின் மேல் பெட்டியை வைத்தாள். அதன் மேல் அந்தத் தாளை வைத்தாள்.

"வாக்கா," என்று சிரித்தவன் தாளைப் பார்த்தான். சிரிப்பு போகவில்லை; ஆனால் நடுவில் மாட்டிக்கொண்டது. வந்திருந்த தம்பதி, தாங்கள் வெளியே காத்திருப்பதாகச் சொல்லி எழுந்துகொண்டார்கள்.

"ரெண்டு கட்டம் இருந்துச்சேடா. உன் கை ஏன் அந்தக் கட்டத்துக்குப் போச்சு?"

"அக்கா, எண்பது சேனல் வருது, படமும் நல்லா இருக்கும்னு—"

"ஸ்பீக்கரும் வருது."

"அது… அவங்களா குடுத்தது."

"மூணு மாசத்துல நின்னுடும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அப்ப புதுப்பிச்சுக்கலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற கவலை அவனுக்கு. "இதுக்குப் போய் ஏன்க்கா இவ்ளோ கத்துற? அண்ணன் சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எந்தச் சேனல் வந்தா என்ன? அவருக்கு என்ன புரியுது பாவம்."

மிளகாய்க்குக் கை எழும்பியது. எழும்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அண்ணன். இவன் அலுவலகத்துக்கு முதல் மூன்று வாடிக்கையாளரை பஸ் நிலையத்திலிருந்து பிடித்து அனுப்பியவரும் அவர்தான். ஆயிரம் வார்த்தை தொண்டைக்கு வந்தது. வந்த வேகத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஒன்றும் வெளியே வரவில்லை. அண்ணனுக்குத் தினமும் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அது கோபத்தை இன்னும் கிளப்பியது.

"அவருக்கு எல்லாம் புரியும்டா. உன்னையும் சேத்து," என்றாள். பெட்டியை அவன் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் அண்ணன் நீலம்கூட இல்லாத வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மிளகாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததையெல்லாம் கொட்டினாள். 'அவருக்கு என்ன புரியுது' என்றதை மட்டும் விழுங்கினாள்.

"நாளைக்கு நானே போய் வேற பெட்டி வாங்கிட்டு வந்துடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

அண்ணன் இடது கையால் தன் மார்பில் தட்டினார். "நா… நா…"

"நெஞ்சு வலிக்குதா?"

இல்லையென்று தலையாட்டினார். மறுபடி தட்டினார், பலமாக. "நா… வ… வ…"

"தண்ணி வேணுமா? வாந்தி வருதா? படுத்துக்கறீங்களா?"

ரிமோட் பறந்து வந்து சுவரில் மோதி, பேட்டரி இரண்டும் இரண்டு மூலைக்கு உருண்டன. அண்ணன் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தார். கதவைக் காட்டினார். தன்னைக் காட்டினார். மறுபடி கதவைக் காட்டினார்.

"நீங்களா? கடைக்கா? மூணு மாடி இறங்கி, அந்தக் கூட்டத்துல… நீங்க எங்க வரப்போறீங்க? நான் பாத்துக்கிறேன், உங்களுக்கு—"

'இதெல்லாம் புரியாது' என்று முடிக்க இருந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தம்பி ஒரு டிக் போட்டான். அதற்கு முன்னால் இவள் போட்ட டிக் எத்தனை? எந்தச் சட்டை, எந்த நாற்காலி, எத்தனை மணிக்குத் தூக்கம், ஜன்னல் திறக்கவா மூடவா? ஒன்றரை வருஷமாக ஒன்றைக்கூட அவரிடம் கேட்டதாக அவளுக்கு நினைவு வரவில்லை. அன்பு என்றுதான் செய்தாள். தம்பியைக் கேட்டாலும் அதையேதான் சொல்வான்.

"சரி," என்றாள். தரையில் மண்டியிட்டு பேட்டரிகளைத் தேடினாள். "நாளைக்கு எனக்கு லீவு. ரெண்டு பேரும் போவோம்."

மறுநாள் டிவியையும் எடுத்துக்கொண்டு போவதென்று முடிவானது. அது அண்ணனின் யோசனை; டிவியையும் கதவையும் நாலு தரம் மாறி மாறிக் காட்டி அதை அவள் மண்டையில் ஏற்றினார். எந்தப் பெட்டியாக இருந்தாலும் இந்த டிவியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவது. பதினான்கு அங்குலப் பழைய டிவிதான், ஆனால் பாறாங்கல் கனம். கீழ்வீட்டுப் பெண்ணிடம் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியை இரவல் வாங்கி, போர்வை சுற்றி அதில் உட்கார வைத்தாள் மிளகாய். அண்ணன் ஒவ்வொரு படியாக இறங்கி வர இருபது நிமிஷம் ஆனது. அவள் கையைப் பிடிக்கப் போனாள், அவர் முறைத்தார், விட்டுவிட்டாள்.

தெருவில் ஒரு பெண் வண்டிக்குள் எட்டிப் பார்த்துக் கொஞ்சுவதற்கு வாயைக் குவித்தவள், அப்படியே நின்றுவிட்டாள். "அப்பா ஜாடை," என்றாள் மிளகாய் கடுகடுவென்று. அண்ணனின் வாய் ஒரு பக்கம் கோணியது. அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று.

கடைவீதியின் கோடியில் ஒரு சின்னக் கடை. வயர், ரிமோட், பேட்டரி, பழுது பார்த்த வானொலிகள். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வயருக்கு ஈயம் வைக்கிற சூட்டுக்கோலை அணைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வண்டியில் டிவியைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"இலவச சேனலுக்குப் பெட்டி. ஏமாத்தாத பெட்டியா வேணும்," என்றாள் மிளகாய்.

"முதல்ல ஒண்ணு பாத்துக்குங்க," என்று கடைக்காரி ஒரு பெட்டியைத் திருப்பி, முன்பக்கத்து இடுக்கைக் காட்டினாள். "இது அட்டை போடற வாய். வாய் இருந்தா தீனி கேக்கும். வாயில்லாத பெட்டியா வாங்குங்க. ஆன்டெனா வயர் சொருகினா போதும், யாரும் நடுவுல வந்து நிறுத்த முடியாது." பிறகு மிளகாயிடமே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "யாருக்கு, ஐயாவுக்கா? எழுத்தெல்லாம் படிப்பாரா? ரிமோட் அழுத்த வருமா அவருக்கு?"

மிளகாய் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கைத்தடி மேஜைமேல் விழுந்தது. படார் என்று ஒரு சத்தம். வயர்ச் சுருள்கள் குதித்தன. பேட்டரி வாங்க வந்த ஆள் இரண்டடி பின்வாங்கினார்.

"எ… என்…" அண்ணனின் முகம் சிவந்து கழுத்து நரம்பெல்லாம் தெரிந்தது. "என்… கிட்ட… கேள்!"

மிளகாய் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைக்காரி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "மன்னிச்சுக்குங்க ஐயா. உங்ககிட்டதான் கேட்டிருக்கணும். உக்காருங்க. எந்தக் கையில ரிமோட் பிடிப்பீங்க?"

அண்ணன் இடது கையைத் தூக்கினார்.

வாயில்லாத பெட்டிகள் மூன்று மேஜைக்கு வந்தன. முதலாவது பார்க்க லட்சணமானது, விலையும் குறைவு. அதன் ரிமோட் தீப்பெட்டி அளவு. அண்ணனின் விரல் ஒரு பொத்தானை அமுக்கினால் நாலு சேர்ந்து அமுங்கின. தள்ளி வைத்தார். இரண்டாவதை இந்த டிவியில் மாட்ட வழியில்லை. அது புது டிவிக்கான தட்டை வயர் மட்டும் கேட்கிறது, இதற்கோ மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று வயர் வேண்டும் என்று கடைக்காரி அவருக்கு விளக்கினாள். அவர் தலையாட்டினார்.

மூன்றாவது தகர டப்பா மாதிரி இருந்தது. மூலை நசுங்கிய ஒரு கோணல் வேறு. மிளகாய்க்கு நாக்கின் நுனிவரை வந்தது: இதைப் போயா? நுனியிலேயே நிறுத்தினாள். அதன் ரிமோட்டில் பொத்தான்கள் சட்டைப் பொத்தான் அளவு. எழுத்து வரவழைக்கத் தனிப் பொத்தான், ஒரே அமுக்கு. அமுக்கினால் திரையின் அடியில் எழுத்து கட்டைவிரல் உயரத்துக்கு வந்தது. அண்ணன் அதை அணைத்தார், மறுபடி போட்டார். அணைத்தார், போட்டார். மின்சாரத்தை நிறுத்திப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். கடைக்காரி பிடுங்கிச் சொருகினாள். பெட்டி விட்ட சேனலிலேயே திரும்பி வந்து நின்றது.

மணி பன்னிரண்டு. செய்தி ஆரம்பித்தது.

அண்ணன் ஸ்டூலில் நிமிர்ந்தார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. "வணக்கம்," என்றார். தலைப்புச் செய்தியில் பாதி வந்தது, பாதி வரவில்லை. வராத சொற்களிலும் அவர் வாய் நின்றுவிடாமல் அடுத்ததற்குத் தாவியது. பேட்டரி வாங்க வந்தவர் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றார்.

செய்தி முடிந்ததும் அண்ணன் தகர டப்பாவின் மேல் கையை வைத்தார். "இது."

வீட்டில் பொருத்தியபோது ஒரு தொல்லை தெரிந்தது. காற்று அடித்தால் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. மொட்டை மாடியில் ஆன்டெனா லேசாகத் திரும்பியிருக்கிறது, யாராவது ஏறி நேராக்க வேண்டும் என்று கடைக்காரி போனில் சொன்னாள். மிளகாய் ஏறியிருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்துவிட்டான். கையில் அந்த ஸ்பீக்கர், பழைய காகிதத்தில் சுற்றி.

"அண்ணே, இதை நீங்களே வச்சுக்குங்க. அன்னிக்கு என்னவோ நெனப்புல…" சிரிக்கப் பார்த்தான்.

மிளகாய் நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசவு ஒரு மூட்டை இருந்தது. அவிழ்க்கப் போனவளை அண்ணன் கையமர்த்தினார். ஸ்பீக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைத்தடியைத் தூக்கிக் கூரையைக் காட்டினார்.

"ஏறு," என்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தான். "என்னது?"

"ஆன்டெனாவைத் திருப்பணும். ஏறச் சொல்றாரு. காது கேக்கலையா?"

உச்சி வெயில். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு தம்பி மொட்டை மாடிக்கு ஏறினான். அண்ணன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டார். அங்கிருந்து திரையும் தெரியும், குரலும் மேலே போகும்.

"திருப்பு!"

மேலே கம்பி கிறீச்சிட்டது. படம் உடைந்தது, சேர்ந்தது, உடைந்தது.

"இன்னும்!"

"போதுமாண்ணே?" மேலிருந்து குரல் இறங்கியது.

"இன்னும்!"

மூன்றாவது 'இன்னும்' என்றபோது படம் துடைத்து வைத்த மாதிரி தெளிவாகிவிட்டது. ஒரு சதுரம்கூட இல்லை. மிளகாய் திரையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் திரையைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார்.

"இன்னும்!"

"அண்ணே, கம்பி சுடுதுண்ணே! சரியாயிடுச்சா? அக்கா, நீயாவது சொல்லேன்!"

மிளகாய் பாய்போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.